குரோஷியாவில் மூன்று வாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: எங்களுக்கு 21 இரவுகள் இருக்கின்றன. ஜாக்ரெப், புலா, பிளிட்விட்செ, கிர்க்கா, ஜாடர், ஸ்பிளிட், நான்கைந்து தீவுகள், துப்ரோவ்னிக், நடுவில் போஸ்னியாவின் மோஸ்தார் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எதை எந்த வரிசையில் வைப்பது?

ப: முதலில் வரைபடத்தை எடுத்து அந்த நாட்டின் வடிவத்தைப் பாருங்கள். குரோஷியா பிறை போல வளைந்த நாடு. ஒரு முனை ஜாக்ரெப் பக்கம் உள்நாட்டில் இருக்கிறது. இன்னொரு முனை அத்ரியாதிக் கடலோரமாக மெலிந்துகொண்டே போய்த் துப்ரோவ்னிக்கில் முடிகிறது. துப்ரோவ்னிக்கிலிருந்து ஜாக்ரெப்புக்குச் சாலை வழியாகத் திரும்ப ஏறக்குறைய 600 கிலோமீட்டர். ஒரு பகல் முழுக்க அதிலேயே போய்விடும். அதனால் ஜாக்ரெப்பில் இறங்கி, துப்ரோவ்னிக்கில் விமானம் ஏறுவது போல டிக்கெட் எடுங்கள். கட்டணம் கொஞ்சம் கூடினாலும் அதுவே லாபம். ஒரே திசையில் போகலாம், பார்த்த ஊரை மறுபடி கடக்க வேண்டாம்.

21 இரவை இப்படிப் பிரிக்கலாம். ஜாக்ரெப் 3, பிளிட்விட்செ 2, ஜாடர் 3, ஷிபெனிக் 2 (கிர்க்கா அருவிக்கு இங்கிருந்துதான் போவீர்கள்), ஸ்பிளிட் 3, ஹ்வார் தீவு 3, கோர்ச்சுலா தீவு 2, துப்ரோவ்னிக் 3. எட்டு ஊர், ஏழு இடமாற்றம். பெட்டி கட்டி, பஸ்ஸோ படகோ பிடித்து, அடுத்த ஊரில் அறைச் சாவி வாங்கும் வரை ஒவ்வொரு மாற்றமும் அரை நாளை விழுங்கும். ஏழு மாற்றம் என்றால் மூன்றரை நாள். உங்கள் பட்டியலை அப்படியே வைத்தால் பன்னிரண்டு மாற்றம் வரும். அதில் பாதிப் பயணம் பஸ் நிலையத்திலேயே கழியும்.

புலாவை விட்டுவிடச் சொல்கிறேன். அங்கே இருக்கும் ரோமானிய அரங்கம் அற்புதமானது, சந்தேகமில்லை. ஆனால் புலா, ரோவின்ய், பொரேச் எல்லாம் வடமேற்கே இஸ்திரியா தீபகற்பத்தில், உங்கள் வழிக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கின்றன. அதற்குக் குறைந்தது நான்கு நாள் வேண்டும். இஸ்திரியாதான் ஆசை என்றால் ஹ்வார், கோர்ச்சுலா இரண்டையும் விட்டு, ஜாக்ரெப்பிலிருந்து முதலில் அங்கே போங்கள்.

பகல் பயணங்களை இந்த ஊர்களிலேயே அடக்கிவிடலாம். ஜாடரிலிருந்து பக்லெனிட்சா தேசியப் பூங்காவின் பாறைப் பள்ளத்தாக்குக்கோ, படகில் கொர்னாத்தி தீவுக்கூட்டத்துக்கோ ஒரு நாள். ஸ்பிளிட்டிலிருந்து உள்ளூர் பஸ்ஸில் த்ரோகிர் என்ற பழைய ஊர். ஜாடரில் மாலைக்கு வேறு திட்டம் வைக்காதீர்கள். அலை உள்ளே புகுந்து குழாய்களில் காற்றைத் தள்ள, கரைப் படிக்கட்டே இசைக்கும் 'கடல் ஆர்கன்' அங்கே 2005 முதல் இருக்கிறது. சூரியன் இறங்கும் நேரத்தில் அந்தப் படியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது.

கே: ஒருமுறை நுழைவுக்கான ஷெங்கன் விசாதான் கிடைத்திருக்கிறது. துப்ரோவ்னிக்கிலிருந்து மோஸ்தார், கோட்டோர் போய் வரலாமா?

ப: போகாதீர்கள். மோஸ்தார் போஸ்னியாவில், கோட்டோர் மான்டினீக்ரோவில் இருக்கிறது. இரண்டு நாடுகளுமே ஷெங்கனுக்கு, அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் எல்லைக்கு, வெளியே. குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று ஷெங்கனில் சேர்ந்தது. யூரோவும் அன்றைக்கே வந்தது. எல்லையைத் தாண்டிய நொடியே உங்கள் விசா தீர்ந்துபோகும். மாலையில் துப்ரோவ்னிக் அறைக்குத் திரும்ப வழியில்லை. பகல் சுற்றுலா விற்பவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை, பணத்தை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

இதே வலை இன்னொரு இடத்திலும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஸ்பிளிட்டுக்கும் துப்ரோவ்னிக்குக்கும் நடுவே, நெயும் என்ற ஊரில் போஸ்னியா கடல் வரை வந்து குரோஷியாவை இரண்டாக வெட்டுகிறது. முன்பெல்லாம் சாலையில் போகிற எல்லோருமே அந்தத் துண்டைக் கடந்துதான் போனார்கள். 2022 ஜூலை 26 அன்று பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்தது. நீளம் 2,404 மீட்டர். அது நெயுமைச் சுற்றிக்கொண்டு குரோஷிய மண்ணிலேயே உங்களைக் கொண்டுபோய்விடும். பஸ் டிக்கெட் வாங்கும்போது "நெயும் வழியா, பாலம் வழியா?" என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். கார் ஓட்டினால், கைபேசி வழிகாட்டி குறுக்கு வழி என்று நெயுமைக் காட்டக்கூடும். ஸ்டோன் என்ற ஊரை நடுவில் ஒரு நிறுத்தமாகப் போட்டுவிட்டால் பாலத்தின் வழியே கூட்டிப்போகும்.

இனி விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு: பலமுறை நுழைவு விசா வேண்டும் என்று படிவத்திலேயே குறியுங்கள். மோஸ்தார் போகிற நாளைப் பயணத் திட்டத்தில் எழுதி வையுங்கள். காரணம் கேட்டால் அதுவே பதில். நடுவில் வேறொரு ஷெங்கன் நாட்டில் விமானம் மாறினாலும், அதிக நாள் தங்கப்போவது குரோஷியா என்றால் விண்ணப்பம் குரோஷியத் தூதரகத்துக்குத்தான். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். கடவுச்சீட்டு, நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. நாள் எண்ணும்போது இறங்கும் நாள், கிளம்பும் நாள் இரண்டையும் சேருங்கள். குடியேற்றச் சோதனை முதலில் கால்வைக்கும் ஷெங்கன் விமான நிலையத்தில் நடக்கும். அங்கே அடுத்த விமானத்துக்கு ஒரு மணி நேர இடைவெளி போதவே போதாது.

கே: பிளிட்விட்செ, கிர்க்கா இரண்டிலுமே அருவிதானே? ஒன்று போதாதா? பிளிட்விட்செவை ஜாக்ரெப்பிலிருந்து ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாமா?

ப: ஒன்றுதான் என்றால் தயங்காமல் பிளிட்விட்செ. அங்கே 16 ஏரிகள், ஒன்றிலிருந்து ஒன்றாக வழிந்து இறங்குகின்றன. 1949இல் தேசியப் பூங்காவானது. 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தண்ணீரில் கரைந்து வரும் சுண்ணாம்பு, அருவி விழும் இடத்தில் பாசி மீது படிந்து கல்லாகிறது. அந்தக் கல்தான் ஏரிகளைத் தடுத்து நிறுத்தும் அணை. உயிருள்ள பாசி மீது மெல்ல மெல்ல வளர்கிற அணை அது. அதனால்தான் அங்கே குளிக்கக் கூடாது. கால் நனைப்பதும் குற்றம். கிர்க்காவிலும் 2021 ஜனவரி 1 முதல் ஸ்கிராடின்ஸ்கி புக் அருவியில் குளியல் கிடையாது. அருவியடியில் ஆட்கள் நீந்தும் பழைய படங்களைப் பார்த்துவிட்டு நீச்சலுடையோடு போகிறவர்கள் இன்றைக்கும் உண்டு.

ஜாக்ரெப்பிலிருந்து பஸ் இரண்டு, இரண்டரை மணி நேரம். ஒரே நாளில் போய் வர முடியும். ஆனால் நீங்கள் உள்ளே நுழைவது சரியாகக் காலை பத்தரை, பதினொரு மணிக்கு. எல்லாச் சுற்றுலா பஸ்களும் ஆட்களை இறக்குவதும் அப்போதுதான். பலகைப் பாலங்களில் முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்தபடியே நகர வேண்டியிருக்கும். இரண்டு இரவு தங்கச் சொன்னது இதற்காகத்தான். பூங்காவின் இரண்டாவது வாயிலுக்கு நடந்துபோகும் தொலைவில் முக்கின்யே என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே அறை எடுங்கள். மறுநாள் கதவு திறக்கும் நேரத்துக்கே நுழையுங்கள்.

டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும். அதில் வாயில் எண்ணும் நுழையும் நேரமும் இருக்கும். முதல் வாயிலுக்கு வாங்கிவிட்டு இரண்டாவது வாயிலில் போய் நின்று திண்டாடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பஸ் இரண்டு இடத்திலும் நிற்கும், ஏறும்போதே ஓட்டுநரிடம் எந்த வாயில் என்று சொல்லிவிடுங்கள். உள்ளே ஓடும் சாலை ரயிலும் கொஸ்யாக் ஏரியின் மின்படகும் டிக்கெட்டிலேயே அடக்கம்.

பாதைகளுக்கு எழுத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல நடை இருப்பவர்களுக்கு 'எச்' பாதை. சுமார் 8.9 கிலோமீட்டர், 4 முதல் 6 மணி நேரம். இரண்டாவது வாயிலில் ரயில் ஏறினால் மேல் ஏரிகளின் உச்சியில் இறக்கிவிடும். அங்கிருந்து தண்ணீரோடு சேர்ந்து நீங்களும் கீழே இறங்கலாம். முதல் வாயிலில் தொடங்கும் 'சி' பாதை ஏறக்குறைய இதே வழிதான், எதிர்த்திசையில். அதில் மேல் ஏரிகளை ஏறி ஏறிப் பார்க்க வேண்டும். 'எச்' பாதையின் ஒரே கடினமான இடம், 78 மீட்டர் உயர வேலிகி ஸ்லாப் அருவியைப் பார்த்த பிறகு முதல் வாயில் பக்கமாக மேலே ஏறும் கடைசிப் பகுதி. அதற்குக் கொஞ்சம் தண்ணீரும் மூச்சும் மிச்சம் வைத்திருங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரியவர்களுக்குப் பிளிட்விட்செ சுமார் 40 யூரோ, கிர்க்காவும் சுமார் 40, துப்ரோவ்னிக் பழைய நகரின் மதில் மேல் நடப்பதற்கும் சுமார் 40. இந்த மூன்றுக்கு மட்டும் ஆளுக்கு 120 ஆகிறது. நான்கு பேர் குடும்பம் திட்டமிடும்போது இதைத் தனியாக எடுத்து வையுங்கள். பணம் இடித்தால் கிர்க்காவைத்தான் விட வேண்டும்.

கே: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. பிளிட்விட்செ பார்க்க முடியுமா?

ப: முடியும். இரண்டாவது வாயிலில் 'ஈ' பாதையை எடுங்கள். சுமார் 5 கிலோமீட்டர், மேல் ஏரிகள் மட்டும். படகில் அக்கரை போய், மெல்ல ஏறி, திரும்பும்போது ரயிலில் வந்துவிடலாம். பெரிய அருவியான வேலிகி ஸ்லாப்புக்கு இறங்க வேண்டாம். முதல் வாயிலுக்குப் பக்கத்திலேயே உள்ள காட்சி முனையிலிருந்து அது முழுதாகத் தெரியும். மழை பெய்திருந்தால் பலகைகள் வழுக்கும், சில இடங்களில் கைப்பிடியும் இருக்காது. அன்றைக்குப் போகாமல் தள்ளிவைப்பது நல்லது. துப்ரோவ்னிக் மதில் மேலும் ஏற்ற வேண்டாம். நீளம் 1,940 மீட்டர், படிகளும் நிழலில்லாத வெயிலும்தான். ஸ்ர்ஜ் குன்றுக்குக் கம்பிவட வண்டியில் போனால் ஊரும் கடலும் தீவும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

கே: கார் வாடகைக்கு எடுப்பதா, பஸ், ரயில் போதுமா?

ப: ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஜாக்ரெப்–ஸ்பிளிட் ரயில் உண்டு, ஆறு மணி நேரம் பிடிக்கும். துப்ரோவ்னிக்குக்கு ரயிலே கிடையாது. பஸ்தான் அந்த நாட்டின் நாடி. பெட்டியை அடியில் வைக்க ஓட்டுநரிடமோ உதவியாளரிடமோ தனியாக ஒன்றிரண்டு யூரோ கொடுக்க வேண்டியிருக்கும். சில்லறை கையில் இருக்கட்டும்.

கார் வேண்டும் என்றால் ஜாக்ரெப்பை விட்டுக் கிளம்பும் நாளில் எடுத்து, ஸ்பிளிட்டில் ஒப்படைத்துவிடுங்கள். பிளிட்விட்செ, பக்லெனிட்சா, கிர்க்கா மூன்றுக்கும் கார் உண்மையிலேயே உதவும். ஸ்பிளிட்டுக்குத் தெற்கே அது சுமைதான். ஹ்வார் நகருக்கும் கோர்ச்சுலாவுக்கும் போகும் விரைவுப் படகில் கார் ஏறாது. துப்ரோவ்னிக் பழைய நகருக்குள் வண்டி விடமாட்டார்கள், பக்கத்தில் நிறுத்தும் கட்டணமோ அறை வாடகையோடு போட்டிபோடும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள் குறைவு, மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும், ஓட்டுகிறவர் பெயரிலேயே கடன் அட்டையும் வேண்டும். கணவர் ஓட்டி, மனைவி அட்டையை நீட்டினால் கவுன்டரில் சாவி தரமாட்டார்கள்.

நெடுஞ்சாலையில் வேக வரம்பு 130, ஊருக்குள் 50. தூரத்துக்கு ஏற்பச் சுங்கம். ஜாக்ரெப்பிலிருந்து கடலுக்கு இறங்கும் ஏ1 சாலையில் ஸ்வேத்தி ரோக் சுரங்கம் வரும், ஐந்தரைக் கிலோமீட்டருக்கு மேல். இந்தப் பக்கம் மேகமும் குளிரும் இருக்கும், அந்தப் பக்கம் வெளியே வந்தால் கண் கூசும் வெயிலும் கீழே கடலும். அதே இடத்தில்தான் 'பூரா' காற்றும் அடிக்கும். மலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் குளிர்ந்த புயல் அது. குளிர்காலத்தில் அதிகம். அது பலமாக வீசும்போது சுரங்கத்தை ஒட்டிய சாலைப் பகுதியை மூடிவிடுவார்கள். அன்றைக்குப் பயணத்தைத் தள்ளிப்போடுவதே புத்தி.

கே: தீவுப் படகுகளை எவ்வளவு முன்னால் பதிவு செய்ய வேண்டும்? படகு ரத்தானால் என்ன செய்வது?

ப: இரண்டு வகைப் படகு உண்டு, அதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கார் ஏற்றும் பெரிய படகு மெதுவாகப் போகும். ஆட்களுக்குப் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும். கட்டமரான் எனப்படும் விரைவுப் படகில் ஆட்கள் மட்டுமே. இருக்கை எண்ணிக்கை அளவுதான், ஜூலை, ஆகஸ்டில் நிரம்பிவிடும். கால அட்டவணை வெளிவந்ததும் வாங்கிவிடுங்கள்.

ஸ்பிளிட்டிலிருந்து ஹ்வாருக்குப் போகும் கார் படகு, ஸ்டாரி கிராட் என்ற ஊருக்குப் போகிறது, இரண்டு மணி நேரம். நீங்கள் அறை எடுத்த ஹ்வார் நகரம் தீவின் வேறொரு பக்கம். அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். கட்டமரான் நேராக ஹ்வார் நகரில் இறக்கும். டிக்கெட்டில் துறைமுகத்தின் பெயரைப் பாருங்கள், தீவின் பெயர் மட்டும் போதாது.

கடலில் உங்களைத் தடுப்பது பெரும்பாலும் 'யூகோ', தென்கிழக்குக் காற்று. அது நாள் கணக்கில் அலையைக் கட்டி எழுப்பும். அப்போது முதலில் ரத்தாவது கட்டமரான்தான். பெரிய கார் படகு இன்னும் சில மணி நேரம் ஓடும். விஸ் தீவுக்கு அருகே பிஷெவோவில் உள்ள நீலக் குகையும் அப்போது மூடிக்கிடக்கும். அதன் வாசல் அவ்வளவு தாழ்வு, சிறு படகு மட்டுமே நுழையும். ஆகவே விமானம் ஏறும் நாளுக்கு முந்தின இரவு தீவில் தங்கக் கூடாது. துப்ரோவ்னிக்குக் கடைசி மூன்று இரவைக் கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கோர்ச்சுலாவிலிருந்து துப்ரோவ்னிக் கட்டமரான் ரத்தானாலும் மாற்றுவழி உண்டு. எதிர்க்கரை ஓரெபிச்சுக்குச் சிறு படகு, கால் மணி நேரம்தான். அங்கிருந்து பெல்யெஷாட்ஸ் தீபகற்பம் வழியாகப் பஸ்ஸில் துப்ரோவ்னிக் போகலாம். இந்த வழியில் போஸ்னியா குறுக்கிடாது. ஹ்வாருக்கு இப்படி மாற்றுவழி குறைவு. அதனால் ஹ்வாரிலிருந்து கிளம்பும் முந்தின மாலையே காற்று நிலவரம் பாருங்கள்.

சனிக்கிழமை இடம் மாறாதீர்கள். வார வாடகைக்கு வீடு எடுத்தவர்கள் எல்லோரும் அன்றைக்குத்தான் மாறுவார்கள். சாலையும் துறைமுகமும் அடைத்துக்கிடக்கும்.

கே: மே நல்லதா, செப்டம்பர் நல்லதா?

ப: அருவிக்கு மே, கடலுக்கு செப்டம்பர். மே மாதம் பனி உருகிய நீரும் மழையும் சேர்ந்து பிளிட்விட்செ பொங்கும். கடலோ இறங்க முடியாத குளிர், 17, 18 டிகிரிதான் இருக்கும். செப்டம்பரில் கோடை வெப்பத்தைக் கடல் இன்னும் வைத்திருக்கும், 22, 23 டிகிரி. ஆனால் அருவி மெலிந்திருக்கும். மூன்று வாரத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் கடலோரம் என்பதால் என் வாக்கு செப்டம்பருக்கு. முதல் மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். மாதக் கடைசியில் விரைவுப் படகுகள் குறையத் தொடங்கும், மழையும் வரும். ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம்.

கே: நாங்கள் சுத்த சைவம். மூன்று வாரம் தாக்குப்பிடிக்க முடியுமா?

ப: முடியும், ஆனால் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். "யா நே யெதெம் மெசோ நி ரிபு" என்றால் "நான் இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன்" என்று பொருள். மீனைத் தனியாகச் சொல்லாவிட்டால் மீன் வந்துவிடும். கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்த 'பிளித்வா' எங்கும் கிடைக்கும். மீனுக்குத் துணையாகத் தருவது அது, தனியாகவே கேளுங்கள். ஸ்பிளிட் பக்கம் 'சொபார்னிக்' என்ற கீரை அடை உண்டு. ஜாக்ரெப்பில் பாலாடைக்கட்டி வைத்த 'ஷ்த்ருக்லி'. ரொட்டிக்கடையில் 'புரெக்' வாங்கும்போது "சிர்" என்று சொல்லுங்கள், பாலாடைக்கட்டி வைத்ததைத் தருவார்கள். வெறுமே புரெக் என்றால் இறைச்சி. அவரைச் சாறு 'கிராஹ்' பார்க்கச் சைவம் போல இருக்கும், உள்ளே புகையூட்டிய பன்றிக்கறி கிடக்கும். கருப்பு அரிசிச் சோறு கணவாய் மையில் ஆனது. சூப் பெரும்பாலும் எலும்புச் சாற்றில்.

சமையலறை உள்ள அறைகளை 'அபார்த்மான்' என்று வாடகைக்கு விடுவார்கள். சைவக் குடும்பத்துக்கு அதுவே வசதி. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். அரிசியும் காய்கறியும் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். 2023 ஜூலை முதல் கடைகள் ஆண்டுக்கு 16 ஞாயிற்றுக்கிழமை மட்டுமே திறக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. தீவில் ஞாயிறன்று இறங்கினால் முதல் நாள் இரவுச் சாப்பாடு பையிலேயே இருக்கட்டும்.

கே: பையில் கட்டாயம் இருக்க வேண்டியது?

ப: ரப்பர் அடி வைத்த கடல் செருப்பு. அங்கே கடற்கரை மணல் அல்ல, கூழாங்கல்லும் பாறையும்தான். பாறை இடுக்கில் கடல் முள்ளெலி இருக்கும், மிதித்தால் முள் உடைந்து காலுக்குள் தங்கிவிடும். பிறகு, சக்கரப் பெட்டிக்குப் பதில் முதுகுப்பை. பழைய நகரங்கள் எல்லாம் கல் படிக்கட்டு, சக்கரம் உருளாது. ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?" என்று திரை கேட்டால் மறுத்து, யூரோவையே தேர்ந்தெடுங்கள். வீட்டு உரிமையாளர் கடவுச்சீட்டைக் கேட்டால் பதற வேண்டாம். தங்குகிறவர்களைப் பதிவு செய்வது அவருடைய சட்டக் கடமை. விவரத்தைக் குறித்துக்கொண்டதும் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள்.